முதற்படமும் வழிப்படமும்

தொல்காப்பியர் மரபியலில் நூலை முதல்நூல், வழிநூல் என இரண்டாகப் பகுக்கிறார். வழிநூலுக்கு நான்கு நெறிகள் உண்டு என்றும் கூறுகிறார். விரிந்ததைத் தொகுத்தல், தொகுத்ததை விரித்தல், தொகையும் விரியுமாகச் செய்தல், மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல் என்பன அவை. நான்காவதை மொழிபெயர்ப்பு என்ற அளவில் அவர் நிறுத்திவிடவில்லை. 'அதர்ப்பட' என்றொரு சொல்லை இடையில் வைத்தார். அதர் என்றால் வழி. பிறமொழிப் பொருளைப் பெயர்த்தால் மட்டும் போதாது, அதனை நெறிப்பட யாக்கவும் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

ஓலைச்சுவடிக்கு உரிய இவ்விலக்கணத்தைத் திரைப்படத்துக்கு இழுத்து வருவது மிகையாகாதோ எனச் சிலர் கேட்கக்கூடும். மிகையன்று. இருபதாம் நூற்றாண்டில் தமிழிலிருந்து பிறமொழிக்குச் சென்ற கதைகளுள் மிகப் பலரைச் சென்றடைந்தவை நூல்வழிச் சென்றவை அல்ல, திரைவழிச் சென்றவையே. அவற்றுள் ஒன்று, நகைச்சுவைக் காதற்படமான 'காதலிக்க நேரமில்லை'. 1964-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 27-ஆம் நாள் தமிழில் வெளிவந்த அப்படம், 1966-இல் 'பியார் கியே ஜா' என்ற பெயருடன் இந்தியில் வந்தது. இரண்டையும் இயக்கியவர் ஒருவரே, சி. வி. ஸ்ரீதர். முதல்நூல் செய்த ஆசிரியனே வழிநூலும் செய்வது அருகிய நிகழ்ச்சி. ஆகவே, இவ்விரண்டு படங்களுக்கும் இடையே காணப்படும் வேறுபாடுகளை 'மொழிபெயர்த்தவன் மூலத்தை உணரவில்லை' என்று சொல்லித் தள்ளிவிட முடியாது. மூலம் அவருடையது. மாறியது எதுவோ, அது மொழியும் மக்களும் மாறியதனால் மாறியதாகவே இருத்தல் வேண்டும். தமிழாசிரியர்கள் இப்படத்தை ஆராய்வதற்கு இதுவே தக்க காரணம்.

சென்னையிலிருந்து இந்திக்குக் கதை செல்வது அன்று புதிதன்று. 1948-இல் ஜெமினியின் 'சந்திரலேகா' தமிழிலும் இந்தியிலும் வந்து வடநாட்டாரை வியக்க வைத்தது. ஏ. வி. எம். நிறுவனம் தன் 'வாழ்க்கை' (1949) படத்தை 'பகார்' (1951) என இந்தியில் எடுத்து, வைஜயந்திமாலாவை வடக்கே அறிமுகம் செய்தது. தமிழ் பேசும் பகுதியைக் காட்டிலும் இந்திப் படம் ஓடும் பகுதி பன்மடங்கு பெரிது. சென்னைப் படநிலையங்களிலோ இடமும் கருவியும் தேர்ந்த தொழிலாளரும் குறைவின்றி இருந்தனர். தமிழில் ஓடி வென்ற கதை என்றால் முதல் போடுபவருக்கு அச்சமும் குறைவு. வணிகத்தில் பிறந்த வழக்கமே இது. கலையுணர்ச்சி மட்டும் காரணம் என்று சொல்வது உண்மைக்குப் புறம்பாகும்.

ஸ்ரீதரும் இவ்வழியில் நடந்து பழகியவரே. அவர் எழுதிய 'அமரதீபம்' (1956), 'அமர்தீப்' (1958) ஆயிற்று. அவர் முதன்முதலாக இயக்கிய 'கல்யாணப் பரிசு' (1959), ராஜ்கபூர் நடிக்க 'நஸ்ரானா' (1961) ஆயிற்று. 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962), மீனாகுமாரி நடிக்க 'தில் ஏக் மந்திர்' (1963) ஆயிற்று. இவை யாவும் கண்ணீர்க் கதைகள். தியாகமும் நோயும் பிரிவும் எம்மொழியிலும் அழவைக்கும். அழுகை எளிதிற் பயணம் செய்யும் மெய்ப்பாடு. நகை அவ்வாறன்று. ஓர் ஊரில் சிரித்ததை மறு ஊரில் சொன்னால் சிரிப்பு வருவதில்லை என்பதைப் பட்டறிவால் எல்லோரும் அறிவர். ஆதலின் ஸ்ரீதருக்கு உண்மையான சோதனை 1966-இல்தான் வந்தது.

மூலப்படத்தைச் சற்று நின்று பார்ப்போம். சோகப்படங்களாலேயே பெயர் பெற்ற ஸ்ரீதரை முழுநீள நகைச்சுவைப் படம் ஒன்று எடுக்கத் தூண்டியவர் அவருடைய பள்ளித் தோழரும் 'சித்ராலயா' நிறுவனத்தின் எழுத்தாளருமான கோபு. கதை இதுதான். சின்னமலை என்னும் ஊரில் விசுவநாதன் என்ற செல்வர், எஸ்டேட் முதலாளி, பணத்தின் மேல் பெரும் பற்றுடையவர். நிர்மலா, காஞ்சனா என இரு பெண்கள். செல்லப்பா என ஒரு மகன். மகனுக்குத் திரைப்படம் எடுக்கும் பித்து. எஸ்டேட்டில் வேலை இழந்த அசோக் என்னும் இளைஞன் முதலாளி வீட்டெதிரே கூடாரம் அடித்துப் போராடுகிறான்; நிர்மலாவைக் காதலிக்கிறான்; தான் பெருஞ்செல்வரின் மகன் என்று பொய் சொல்கிறான். பொய்யை மெய்யாக்க நண்பன் வாசுவைக் கிழவேடத்தில் தன் 'தந்தை'யாக வரவழைக்கிறான். அந்த வாசுவோ காஞ்சனாவைச் சென்னையிலேயே காதலித்தவன். மீதியை விளக்க வேண்டியதில்லை. ஒரு பொய், அதைக் காக்க மற்றொரு பொய் என்று மடிப்பு மடிப்பாகச் செல்லும் கதை.

தோட்டத்தில் கதை நடந்தாலும் தோட்டத் தொழிலாளரின் வாழ்வை இப்படம் தொடவேயில்லை என்பதை இந்நாட்டு வாசகர் கவனிக்காமல் இருக்க மாட்டார்கள். முதலாளியின் மாளிகையும் அதன் எதிரே ஒரு கூடாரமுமே அங்குத் தோட்டம்! ஆயினும் இந்நாட்டுக்கும் இப்படத்துக்கும் வேறொரு தொடர்பு உண்டு. அசோக்காக நடித்து இப்படத்திலேயே அறிமுகமான ரவிச்சந்திரன் மலேசிய மண்ணில் பிறந்து, திருச்சிக்குச் சென்று படித்தவர். இராமன் என்பது அவருடைய இயற்பெயர். காஞ்சனா விமானப் பணிப்பெண்ணாக இருந்து நடிக்க வந்தவர். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டவர். நாகேஷ் தாராபுரத்துக்காரர், வீட்டு மொழி கன்னடம். தமிழ் நகைச்சுவை என்று நாம் பெருமையுடன் சொல்லிக்கொள்ளும் இப்படத்தைத் தமிழாக்கியது பிறப்பன்று, அவர்கள் நாவில் ஏறிய பேச்சே என்க.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என்பார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். வகுப்பறையில் இந்நான்கிற்கும் எடுத்துக்காட்டுத் தேடி ஆசிரியர்கள் இடர்ப்படுவது உண்டு. இந்த ஒரு படத்திலேயே நான்கும் அமைந்து கிடக்கின்றன. வேலை இழந்தவன் முதலாளியின் வாயிலில் நின்று அவரைப் பெயர் சொல்லி அழைத்து வேலை கேட்டுப் பாடுவது எள்ளல். காதலர் நால்வரின் துடுக்கு இளமை. பணமும் கதையும் இல்லாமல் படம் எடுக்கக் கிளம்பிய செல்லப்பாவின் 'ஓகோ புரொடக்‌ஷன்ஸ்' பேதைமை. பிறர் சொன்னதை ஆராயாமல் பற்றிக்கொண்டு விடாமலிருப்பது மடன். செல்வர் சம்பந்தி என்ற சொல்லைக் கேட்டதும் குழைந்துபோகும் விசுவநாதன் அதற்கு நல்ல சான்று. பாலையா இப்பாத்திரத்தைச் சிரிக்க வைக்க வேண்டும் என்ற எண்ணமே இல்லாதவர்போல் நடித்தார். 1936-இல் 'சதி லீலாவதி'யில் தொடங்கி நெடுங்காலம் வஞ்சகப் பாத்திரங்களில் உருட்டி விழித்த அதே கண்களை, இங்கே மருண்டு விழிக்கவும் வைத்தார்.

இனி, இரு மொழியிலும் புகழ்பெற்ற அந்தக் காட்சிக்கு வருவோம். மகன் தந்தையை உட்கார வைத்து, தான் எடுக்கப்போகும் படத்தின் கதையைச் சொல்கிறான். கதை என்று பார்த்தால் அதில் ஒன்றுமே இல்லை. இருட்டு, காலடி ஓசை, கதவு கிறீச்சிடல், திடீரென ஓர் அலறல். செல்லப்பா வாயாலேயே எல்லா ஓசைகளையும் எழுப்புகிறான், உடலை வளைக்கிறான், குரலைத் தாழ்த்துகிறான், எதிர்பாராத நேரத்தில் உயர்த்துகிறான். வேண்டாவெறுப்பாக உட்கார்ந்த தந்தை மெல்ல மெல்ல அகப்படுகிறார். முகம் வெளிறுகிறது, கை நாற்காலியைப் பற்றுகிறது.

இக்காட்சியில் ஒரு நுட்பம் உண்டு. விசுவநாதனுக்கு உண்டாவது அச்சம். பார்ப்பவருக்கு உண்டாவது நகை. ஒருவரின் மெய்ப்பாடு மற்றொருவரிடத்து வேறொரு மெய்ப்பாடாக மாறுகிறது. சிரிப்புக்குரிய சொல் ஒன்றுகூட அங்குத் தேவைப்படவில்லை. நாகேஷ் வேலையில் பாதியைச் செய்தார். மறுபாதியைச் செய்தவர் வாய் திறவாத பாலையா. சொல்பவனைக் காட்டிலும் கேட்பவன் முகத்திலேயே நகை விளைந்தது என்று கூறினும் தவறாகாது.

இந்தியில் மகனாக வந்தவர் மெஹ்மூத். தந்தையாக வந்தவர் ஓம் பிரகாஷ். பாத்திரங்களின் பெயர் ஆத்மா, ராம்லால் என மாறின. 'ஓகோ புரொடக்‌ஷன்ஸ்' அங்கே 'வாஹ் வாஹ் புரொடக்‌ஷன்ஸ்' ஆயிற்று. ஓகோ என்பது தமிழனின் வியப்பொலி; வாஹ் என்பது வடவனின் வியப்பொலி. அகராதியைப் புரட்டி இதைக் கண்டுபிடிக்க முடியாது. அதர்ப்பட யாத்தல் என்பதற்கு இதனினும் சிறிய, இதனினும் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது. கதை சொல்லும் காட்சியோ ஏறத்தாழ அப்படியே சென்றது. அச்சத்துக்கு மொழிபெயர்ப்பு வேண்டுவதில்லை அன்றோ! இந்தி நகைச்சுவைக் காட்சிகளுள் தலையாயவற்றில் ஒன்றாக வடநாட்டார் இன்றும் அதனைப் போற்றுகின்றனர்.

ஆனால் எல்லாமே இப்படி முழுமையாகச் சென்றுவிடவில்லை. கிழவேடம் பூண்ட வாசு பாடும் பாட்டுக்குத் தமிழில் குரல் கொடுத்தவர் சீர்காழி கோவிந்தராஜன். இறைவனைப் பாடும் கணீரென்ற வெண்கலக் குரல் அது. அக்குரலைக் கோவிலில் கேட்டுப் பழகிய தமிழ்ச் செவி, ஒரு பொய்க்கிழவன் காதலுக்கு நேரமில்லை என்று அதே குரலில் ஏங்குவதைக் கேட்டதும் சிரித்தது. அந்தச் சிரிப்புக்குக் காரணம் பாட்டின் சொல்லும் அன்று, மெட்டும் அன்று. கேட்பவனின் பழைய நினைவு. இந்தி கேட்பவனுக்கு அந்நினைவு இல்லை. அதை எந்த ஆசிரியனாலும் பெயர்க்க இயலாது. அவ்வாறே, முதலாளியைப் பெயர் சொல்லி அழைத்துப் பாடும் பாட்டில் தமிழருக்கு இரட்டைச் சிரிப்பு இருந்தது. மூத்தவரைப் பெயர் சொல்லி அழைக்கும் துணிச்சல் ஒன்று. அப்பெயர் படத்துக்கு இசையமைத்த விசுவநாதன் – ராமமூர்த்தி இரட்டையரில் ஒருவரின் பெயராகவும் இருந்தது மற்றொன்று. பாட்டெழுதிய கண்ணதாசனும் இசையமைத்த விசுவநாதனும் எவ்வளவு நெருங்கியவர் என்பதை அறிந்த இரசிகர் அதில் ஒரு நண்பரின் கேலியையும் சேர்த்துக் கேட்டனர். செல்வருக்கு ராம்லால் என்று பெயரிட்ட உடனேயே அந்தச் சிரிப்பு போய்விட்டது.

இழந்ததற்கு ஈடாக ஸ்ரீதர் ஒன்றைப் புதிதாகப் பெற்றார். வாசுவின் இடத்தில் இந்தியில் கிஷோர்குமாரை வைத்தார். தமிழில் முத்துராமன் அடக்கமும் கண்ணியமும் உடைய காதலனாகப் பெயர் பெற்றவர். அத்தகையவர் கிழவேடம் இட்டுத் திண்டாடும்போது, அந்தத் திண்டாட்டமே நகையாயிற்று. கிஷோர்குமாரோ பிறவி நகைச்சுவையாளர், பாடகரும் அவரே. வேடம் பூணாமலேயே சிரிக்க வைக்கக் கூடியவர். வேடம் பூண்டதும் அவர் படத்தின் பெரும்பகுதியைத் தம் கைக்குள் கொண்டுவந்துவிட்டார். அசோக்காக நடித்த சசிகபூர் அழகாக இருந்தார் என்பதற்கு மேல் கூற அதிகமில்லை. லட்சுமிகாந்த் – பியாரேலால் இசையும் ராஜேந்திர கிருஷணின் பாட்டுகளும் இந்தி மரபுக்கு ஏற்ப அமைந்தன. மூலத்தின் மெட்டுகளைத் தேடிச் செல்பவர் ஏமாறுவர். இரு படத்தையும் ஒருங்கே நோக்குமிடத்து, தமிழ்ப்படத்தில் பாத்திரங்கள் ஒருவரையொருவர் தாங்கி நிற்கக் காண்கிறோம். இந்திப் படத்தில் மெஹ்மூதும் கிஷோரும் ஓங்கி நிற்க, ஏனையோர் சற்று ஒதுங்கி நிற்கக் காண்கிறோம். நடிகைகளுள் ராஜஸ்ரீ ஒருவரே இரண்டிலும் நிர்மலாவாக நடித்தார். இடையில் 1965-இல் தெலுங்கில் பி. புல்லையா இயக்கிய 'பிரேமிஞ்சி சூடு' படத்திலும் அவர் இருந்தார். ஒரே கதையை மூன்று மொழியில் நடித்த அவரை எவராவது இருந்து விசாரித்து எழுதி வைத்திருந்தால், மொழிபெயர்ப்பைப் பற்றிப் பல நூல்கள் சொல்லாததை அவர் சொல்லியிருப்பார்.

இவ்விரண்டு படங்களுக்கும் இடைப்பட்ட காலத்தை மறந்துவிடலாகாது. 1964 பிப்ரவரிக்கும் 1966-க்கும் நடுவே நிற்பது 1965. அவ்வாண்டு சனவரி 26-ஆம் நாள் இந்தி ஆட்சிமொழியாவதை எதிர்த்துத் தமிழகத்து மாணவர்கள் தெருவில் இறங்கினர், உயிர்கள் பலியாயின. அரசின் வழியாக வடக்கிலிருந்து தெற்கே வந்த இந்தியைத் தமிழகம் மறுத்து நின்ற அதே காலத்தில், தமிழ்க் கதையொன்று இந்தி உடுத்திக்கொண்டு தெற்கிலிருந்து வடக்கே புறப்பட்டது. இதில் முரண்பாடு காண்பவர் உண்டு. ஆயின், விரும்பிக் கற்பதும் வற்புறுத்தலுக்கு உட்படுவதும் ஒன்றல்ல. சென்னைப் படக்காரர் இந்தியில் படம் எடுத்தது யாருடைய ஆணைக்கும் அஞ்சியன்று.

வடக்கே அக்கதையை வரவேற்றனர். அது தமிழ்க் கதை என்று எத்தனை பேர் அறிந்தனர் என்பது வேறு. இரண்டே ஆண்டுகள் கழித்து, 1968-இல், அதே மெஹ்மூத் 'படோசன்' என்னும் படத்தில் நடித்தார். அதில் அவர் ஒரு தென்னாட்டுப் பாட்டு வாத்தியார். குடுமியும் சிதைந்த இந்தியுமாக வந்து வடநாடு முழுவதையும் சிரிக்க வைத்தார். 'படோசன்' கதைக்கு மூலம் வங்காளப் படமான 'பாஷேர் பாரி' (1952). அஞ்சலிதேவி நடித்த தமிழ் 'அடுத்த வீட்டுப் பெண்' (1960) படமும் அந்தக் கிளையில் வந்ததே. தமிழில் இக்கதை வந்தபோது வடநாட்டாரை இழிவு செய்ய வேண்டிய தேவை எழவில்லை. இந்தியிலோ தென்னாட்டானின் நாக்கே நகைப்பொருள் ஆயிற்று. மெஹ்மூதின் திறமை பெரிது. அவர் அந்த வாத்தியாரை ஓரளவு அன்புடனேயே படைத்தார் என்பாரும் உளர். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் இரு படங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒன்று புலனாகிறது. தமிழனின் நகைச்சுவை இந்தி பேசிச் சென்றபோது அது அனைவர்க்கும் உரிய நகைச்சுவையாக ஏற்கப்பட்டது. தமிழன் தன் நாவோடு சென்றபோது அவனே நகைச்சுவைப் பொருள் ஆனான். முன்னதில் பேதைமையும் மடனும் நகை விளைத்தன. பின்னதில் எள்ளல் மட்டுமே விளைத்தது.

இந்தி திரையுலகின் பிலிம்பேர் விருதுகளில் நகைச்சுவைப் பாத்திரத்துக்கெனத் தனிவிருது முதன்முதலாக 1967-இல் வழங்கப்பட்டது. அதைப் பெற்றவர் மெஹ்மூத். படம் 'பியார் கியே ஜா'. தகுதியுடையவர்க்கே அது சென்றது. ஆயினும் அப்பாத்திரத்தின் நடையையும் ஓசையையும் திடீர் அலறலையும் முதலில் வார்த்தவர் நாகேஷ் என்பதை அந்த விருது சொல்லவில்லை. சொல்லும் வழக்கமும் இல்லை. இது ஒருமுறையோடு நிற்கவுமில்லை. நாகேஷின் 'சர்வர் சுந்தரம்' (1964), மெஹ்மூத் நடித்த 'மைன் சுந்தர் ஹூன்' (1971) ஆயிற்று. நாகேஷின் 'எதிர்நீச்சல்' (1968), மெஹ்மூத் நடித்த 'லாக்கோன் மே ஏக்' (1971) ஆயிற்று. நாகேஷின் 'அனுபவி ராஜா அனுபவி' (1967), மெஹ்மூத் நடித்த 'தோ பூல்' (1973) ஆயிற்று. நாகேஷுக்குத் தேசிய விருது வந்து சேர்ந்தது 'நம்மவர்' (1994) படத்துக்கு. அதுவும் சிரிக்க வைத்ததற்காக அன்று.

நன்னூலார் பாயிரத்துக்கு வகுத்த இலக்கணம் ஈண்டு நினைக்கத்தக்கது. நூலின் முகப்பில் சொல்ல வேண்டியவை எட்டு என்று கூறும் அவர், ஆக்கியோன் பெயரை முதலில் வைத்து, அதற்கு அடுத்தபடியே 'வழி' என்பதை வைத்தார். இந்நூல் எதன் வழி வந்தது என்பதை நூற்பெயருக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும் என்பது அவ்வரிசையாற் பெறப்படும். திரைப்படத்தின் தொடக்கத்தில் ஓடும் பெயர்ப்பட்டியல் ஒருவகைப் பாயிரமே. அங்கே கதை யாருடையது என்று எழுதுவார்கள். ஒரு நடிகனின் கண்ணசைவும் குரலேற்றமும் யாரிடமிருந்து வந்தன என்று எழுதுவதற்கு இடமே ஒதுக்கப்படவில்லை. மெஹ்மூத் வெறுமனே படியெடுத்தார் என்று இதனால் கொள்ளலாகாது. பாலையாவுக்கு ஓம் பிரகாஷ் ஈடாக மாட்டார் என்று தமிழர் கூறுவதும், நாகேஷ் மெஹ்மூதுக்கு இணையா என்று வடவர் கேட்பதும் வீண் வழக்கு. கம்பனைப் படிப்பவன் வான்மீகியைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. வான்மீகியின் பெயரை மறைக்காமல் சொன்னால் போதும். கம்பன் அதைச் சொன்னான்.

கதையின் பயணம் இந்தியோடு முடியவில்லை. 1979-இல் கன்னடத்தில் 'பிரீத்தி மாடு தமாஷே நோடு' என வந்தது. 1985-இல் மகேஷ் கோட்டாரே அதனை மராத்தியில் 'தூம் தடாக்கா' என்ற பெயரில் இயக்கினார். அங்கே பொய்த் தந்தையாக வேடமிட்டவர் அசோக் சராப். படம் எடுக்கத் துடிக்கும் மகனாக வந்தவர் லட்சுமிகாந்த் பெர்டே. மராத்தி மக்கள் அதனைத் தம் மொழியின் மறக்கவொண்ணா நகைச்சுவைப் படங்களுள் ஒன்றாக வைத்திருக்கின்றனர். மெரினாக் கடற்கரைக் காட்சியில் தொடங்கிய கதை, இருபத்தோர் ஆண்டுகளில் பம்பாய்க் கடற்கரைக்காரர் வீட்டுக் கதையாகிவிட்டது.